நீலச் சீருடை – 4: ஆக்னஸ் வாங்கித் தந்த அனுமதி

லண்டன் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 1909 செப்டம்பர் 4 அன்று, 11,000 சாரணச் சிறுவர்களுக்கு நடுவே அழைப்பில்லாமல் வந்து நின்ற சிறுமிகளோடு சென்ற வாரம் கதையை நிறுத்தியிருந்தோம். சிறுவர்களைப் போலவே தொப்பியும் கழுத்துத் துணியும் அணிந்து வந்து, தாங்களும் சாரணர்களே என்று இயக்கத்தை நிறுவிய ராபர்ட் பேடன் பவலிடம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. சிறுவர்களுக்காக அவர் எழுதிய சாரணர் கையேடு 1908இல் பகுதி பகுதியாக மலிவு விலையில் வெளிவந்தபோது, அண்ணனும் தம்பியும் படித்து முடித்த பிரதிகளை வாங்கி இவர்களும் படித்தார்கள். தாங்களாகவே அணி சேர்த்துக்கொண்டார்கள். முழுப் பெயரை எழுதினால் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதித் தலைமையகத்தில் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவானவர்கள் சுமார் 6,000 பேர்.

ஆகவே பெண் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியது யார் என்று கேட்டால், அந்தச் சிறுமிகள் என்பதே என் பதில். ஆனால் தொடங்கியது நிலைக்க வேண்டுமே. 1909இல் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் மாலையில் வீட்டை விட்டுப் போய், தோப்பில் கூடாரம் அடித்து, தீ மூட்டிச் சமைத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்ப வேண்டுமென்றால், வீட்டில் ஒருவர் "சரி, போய்வா" என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சம்மதத்தை ஆயிரக்கணக்கான வீடுகளில் வாங்கித் தந்தவர் ஆக்னஸ் பேடன் பவல். இயக்கத்தின் வரலாறுகளில் அவர் பெயர் ஓரிரு வரிகளில் கடந்துபோகும். தம்பதியர் என்றால் ராபர்ட்டும் அவர் மனைவி ஒலேவும். ராபர்ட்டின் தங்கை ஆக்னஸ் அடிக்குறிப்பில். இது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் அவருக்கே.

ஆக்னஸ் பிறந்தது 1858 டிசம்பர் 16, லண்டனில். தந்தை பேடன் பவல் ஆக்ஸ்போர்டில் வடிவியல் பேராசிரியர், பாதிரியாரும்கூட. மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, 1860 ஜூனில் அவர் இறந்தார். தாய் ஹென்ரியேட்டா கிரேஸ் 35 வயதில் கைம்பெண் ஆனார். கடற்படை அட்மிரலின் மகளான அவர் மனம் தளர்ந்து உட்காரவில்லை. பிள்ளைகளை உயர்ந்த இடத்தில் நிறுத்திக் காட்டுவது என்று ஒரு முடிவெடுத்து, அந்த ஒரே முடிவின்படி குடும்பத்தை நடத்தினார். இன்று உலகம் அறிந்த 'பேடன் பவல்' என்ற குடும்பப் பெயரே அவர் செய்த ஏற்பாடுதான். கணவரின் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் 1869இல் ஒன்றாக இணைத்து, அதையே பிள்ளைகளின் குடும்பப் பெயராக்கினார்.

அந்த வீட்டில் பிழைத்து வளர்ந்த ஒரே மகள் ஆக்னஸ். அண்ணன் தம்பிகளுக்குப் படிப்பு, படை, பதவி என்று பாதைகள் திறந்தபோது, மகளுக்கு வகுக்கப்பட்ட பாதை தாயைக் கவனித்துக்கொள்வது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1914 அக்டோபரில் தாய் இறக்கும்வரை, அதாவது தம் 55ஆம் வயதுவரை, தாயோடுதான் வாழ்ந்தார். வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை இப்படித் தங்கிப்போவதை நம் பக்கத்துக் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறோம். ஊரார் அவளைப் பாவம் என்பார்கள். அவள் தனியறையில் என்னென்ன கற்றுக்கொண்டாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆக்னஸ் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. வயலின், பியானோ, ஆர்கன் மூன்றும் வாசிப்பார். வானியலில் ஈடுபாடு உண்டு. உலோகத் தகட்டில் சித்திரம் செதுக்குவார். சைக்கிள் ஓட்டுவார், பெண்கள் சைக்கிள் ஓட்டினால் தெருவில் நின்று பார்த்த காலம் அது. லண்டன் நகரத்து வீட்டுக்குள்ளேயே தேனீ வளர்த்தார். தேன்கூட்டிலிருந்து சுவரைத் துளைத்து ஒரு குழாய் வைத்து, தேனீக்கள் அதன் வழியாக வெளியே போய்வர ஏற்பாடு செய்திருந்தார். அந்தத் தேன் பரிசுகள் வாங்கியது. வீட்டுக்குள் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் இருந்தன.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பூட்டுவது பலூன். தம்பி பேடன் விமானக் கலை ஆராய்ச்சியாளர். இங்கிலாந்தின் வானூர்திக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய பலூன்களுக்குத் துணி தைக்க உதவியது ஆக்னஸ். தைத்துக் கொடுத்ததோடு நின்றுவிடாமல் ஏறிப் பறக்கவும் செய்தார். ரைட் சகோதரர்கள் 1903இல் விமானத்தை எழுப்புவதற்கு முன்பே, நீண்ட பாவாடை அணிந்த இந்தப் பெண்மணி லண்டன் கூரைகளுக்கு மேலே போய் வந்திருக்கிறார். அந்தக் கழகம் 1938இல் அவருக்குக் கௌரவ உறுப்புரிமை அளித்தது. வெளித்தோற்றத்தில் அவர் மென்மையான, பழைய பாணிச் சீமாட்டி. இந்த இரண்டு ஆக்னஸ்களும் ஒரே ஆள் என்பதை மறந்தால் பின்னால் நடந்தது விளங்காது.

கிறிஸ்டல் பேலஸ் திரளணிக்குப் பிறகு ராபர்ட் சங்கடத்தில் இருந்தார். சிறுமிகளைச் சேர்த்தால் சிறுவர்கள் ஒதுங்கிப்போவார்கள், பெற்றோர் கொதிப்பார்கள், இயக்கமே கெட்ட பெயர் எடுக்கும் என்று அஞ்சினார். சேர்க்காமல் விடவும் முடியவில்லை. 6,000 பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். சிறுமிகளுக்குத் தனி அமைப்பு என்ற திட்டத்தை அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டார். அதை நடத்தும் பொறுப்பைத் தங்கையிடம் கொடுத்தார். ஆக்னஸுக்கு அப்போது வயது 50. வீட்டில் வயதான தாய் வேறு. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அந்த அமைப்புக்கு வைத்த பெயர் நம் துணைக்கண்டத்திலிருந்து போனது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வடமேற்கு எல்லையில் 1846இல் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி பெஷாவரில் திரட்டிய படைப்பிரிவுக்கு 'கைட்ஸ்' என்று பெயர். எல்லைப்புற மலைகளில் வழி அறிந்தவர்கள், வேவு பார்க்கத் தெரிந்தவர்கள், உதவி வராத இடத்திலும் தாமாக முடிவெடுக்கக் கூடியவர்கள் என்று பேர் வாங்கியவர்கள். காக்கிச் சீருடையை முதலில் அணிந்ததும் அவர்களே. ராபர்ட் 1876இல் 19 வயதில் படை அதிகாரியாக லக்னோ வந்து, நம் நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்; அந்தப் படையைப் பற்றி நன்றாக அறிந்தவர். பஷ்தூன், பஞ்சாபி வீரர்கள் ஈட்டிய பெயர் ஆங்கிலச் சிறுமிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1910இல் 'கேர்ள் கைட்ஸ்' என்ற பெயரில் அமைப்பு முறையாக எழுந்தது. பிங்க்னீஸ் கிரீன் என்ற ஊரின் குழு முதலில் பதிவானது. ஆக்னஸின் சொந்தக் குழு என்ற சிறப்புப் பெயரும் அதற்குக் கிடைத்தது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. சமூகப் பணியில் பெயர் பெற்ற வயலட் மார்க்கம் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பெண் பிள்ளைகள் சிறுவர்களோடு சேர்ந்து சாரணர் என்று அலைந்துவிட்டு இரவில் நேரம் கழித்து வீடு திரும்புவதைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் படித்தவர், பொதுவாழ்வில் இருந்தவர். அப்படிப்பட்டவருக்கே பொறுக்கவில்லை என்றால் சாதாரணத் தாய் தந்தையரின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் அது வாக்குரிமை கேட்டுப் பெண்கள் தெருவில் இறங்கிச் சிறை சென்றுகொண்டிருந்த காலம். சீருடை அணிந்து அணிவகுக்கும் சிறுமி என்றாலே, நாளைய போராட்டக்காரி வளர்கிறாள் என்று பலர் எண்ணினார்கள்.

ஆக்னஸ் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பெற்றோர் கேட்க விரும்பியதை அவர்களுக்குச் சொன்னார். எங்கள் பெண்கள் ஆண் பிள்ளைகளாக மாறப்போவதில்லை; செவிலிமை, சமையல், குழந்தை வளர்ப்பு கற்பார்கள்; நல்ல மகள்களாக, நல்ல தாய்மார்களாக வருவார்கள் என்று மறுபடி மறுபடி எழுதினார், பேசினார். ஊர் மதிக்கும் சீமாட்டிகளைக் குழுக்களில் அமர்த்தினார். சிறுமிகள் தாங்களாக வைத்துக்கொண்டிருந்த காட்டுப்பூனை, ஓநாய் போன்ற அணிப் பெயர்களை எடுத்துவிட்டு ரோஜா, லில்லி என்று பூப்பெயர்களைக் கொண்டுவந்தார். சாரணர் என்ற பெயரும் போய்விட்டது. சிறுமிகள் பலருக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்தது. ஓநாயாக இருந்தவளைத் திடீரென்று லில்லிப் பூவாக இரு என்றால் கோபம் வராதா? அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் 1912இல் ஆக்னஸ் வெளியிட்ட கையேட்டைத் திறந்து பாருங்கள். அண்ணனின் புத்தகத்தைச் சிறுமிகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது அது. முன்பக்கத்தில் வீட்டுக்கடமை, பணிவு, அன்பு எல்லாம் உண்டு. உள்ளே போகப் போக, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிவது, தடம் பார்த்துப் பின்தொடர்வது, கொடியசைத்துச் செய்தி அனுப்புவது, நீந்துவது, மிரண்டோடும் குதிரையை நிறுத்துவது, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் போடுவது என்று விரிகிறது. வீட்டில் புகுந்த திருடனை எட்டங்குல நூல் கயிற்றால் எப்படிக் கட்டிப்போடுவது என்பதும் அதில் இருக்கிறது. தேனீ வளர்த்த, பலூனில் பறந்த ஆக்னஸ் எழுதிய பக்கங்கள் இவை. தாய் தந்தையருக்கு முன்னுரையும், மகளுக்கு மற்ற பக்கங்களும்.

அந்தப் புத்தகத்தின் துணைத்தலைப்பு, பெண்கள் எப்படிச் சாம்ராஜ்யத்தைக் கட்டியெழுப்ப உதவலாம் என்பது. அந்தச் சாம்ராஜ்யத்தின் அடியில் இருந்தவர்கள் நம் முன்னோர். இதை மழுப்பிவிட்டுப் போக என்னால் முடியாது. ஆக்னஸ் தம் வர்க்கத்தின், தம் நாட்டின், தம் காலத்தின் பெண். ஆங்கிலேயர் உலகை ஆள்வது இயற்கை என்றே அவரும் நம்பினார். அவர் வாங்கித் தந்த அனுமதி ஆங்கிலச் சிறுமிகளுக்கானது. ஜபல்பூரிலும் மேலூரிலும் இருந்த பெண் பிள்ளைகள் அவர் நினைப்பில் இருந்ததற்கு அந்தப் புத்தகத்தில் அடையாளம் இல்லை.

ஜபல்பூர் என்று சொல்லக் காரணம் உண்டு. 1911இல், கையேடு வருவதற்கு முன்பே, இந்தியாவின் முதல் கைட் குழு அங்கே தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் கல்லன். அதில் சேர்ந்தவர்கள் ஐரோப்பியச் சிறுமிகள். 1915க்குள் நாட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட குழுக்களும் 1,200க்கு மேற்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள். எல்லாம் லண்டன் தலைமையகத்தோடு நேரடித் தொடர்பு. இந்தியப் பெண் பிள்ளைகளுக்கு அப்போது இடம் இல்லை. சிறுவர்களுக்கும் அதே நிலைதான். இந்தியச் சிறுவனுக்குச் சாரணப் பயிற்சி கொடுத்தால் நாளை அவன் புரட்சிக்காரனாவான் என்று அரசு அஞ்சியது.

அதே ஆண்டுகளில் நம் பக்கத்துப் பெண்கள் வாசலைத் தாண்ட எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து ஒரு பகல் பயணத்தில் இருக்கும் புதுக்கோட்டையில், முத்துலட்சுமி என்ற பெண்ணை மகாராஜா கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்து, கடைசியில் மன்னரே தலையிட்டு அனுமதித்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டு, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆக்னஸின் கையேடு வெளிவந்த அதே ஆண்டு. அவரே பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

மதுரையில் இந்தப் பாடு இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்க மிஷன் 1834இல் இங்கே வந்தது. அடுத்த ஆண்டே, 1835இல், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். கேப்ரன் ஹால் என்று பெயர் பெற்று, இன்று ஓ.சி.பி.எம். பள்ளி என்று ஊர் முழுக்க அறிந்த பள்ளியின் தொடக்கம் அதுதான். பெண்ணைப் படிக்க அனுப்புங்கள் என்று கேட்டவுடன் யாரும் அனுப்பிவிடவில்லை. கணவர் 1876இல் இறந்த பின்னும் ஊர் திரும்பாமல் மதுரைப் பக்கமே தங்கிப் பணியாற்றிய சாரா கேப்ரனும் அவரோடு இருந்த தமிழ்ப் பெண்களும் வீட்டுக்குள்ளேயே போய் அங்கிருந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் நின்று பேசி, திண்ணையில் உட்கார்ந்து பேசி, மாமியார்களின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே பலகையும் குச்சியும் உள்ளே போயின. மதம் மாற்ற வந்தவர்கள் என்ற ஐயம் வீட்டாருக்கு இருந்தது. அந்த ஐயம் காரணமில்லாததும் அல்ல. எனினும் அந்த வேலையின் முறையைப் பாருங்கள். ஆக்னஸ் லண்டனில் செய்ததும் இதே முறை. வீட்டாரோடு மோதாமல், வீட்டாரிடம் கேட்டு, பெண்ணை வெளியே கொண்டுவருவது.

இந்த முறை மெதுவானது. விட்டுக்கொடுக்க வேண்டியது அதிகம். உரிமை என்பதைச் சலுகை போலக் கேட்டு வாங்குவது சிலருக்கு அவமானமாகக்கூடத் தோன்றும். ஆனால் மதுரை மாவட்டத்தின் எந்தச் சாரணியர் ஆசிரியையிடமும் பேசிப் பாருங்கள். அடுத்த வாரம் த்ருதிய சோபான் (மூன்றாம் படி) முகாம் என்றால் முதலில் செய்யும் வேலை கூடாரத்தை எண்ணிப் பார்ப்பது அல்ல. பெற்றோர் சம்மதக் கடிதத்தோடு வீடு வீடாகப் போவது. உசிலம்பட்டிப் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா கேட்கிறார்: "ராத்திரி அங்கேயே தங்கணுமா டீச்சர்? கூட நீங்க இருப்பீங்கள்ல?" அப்பா ஒன்றும் பேசாமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நான் இருக்கேன்மா. என் பொண்ணு மாதிரிப் பார்த்துக்கிறேன்" என்று அந்த ஆசிரியை சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுகிறது. கயிற்று முடிச்சும் முதலுதவியும் கூடாரமும் ராஜ்ய புரஸ்கார் விருதும் எல்லாம் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வருபவை. அந்தப் பெண் பிள்ளை பின்னொரு நாள் மாநிலம் தாண்டி ரயிலேறிப் போகிறாள் என்றால், முதல் முகாமுக்கு விழுந்த அந்தக் கையெழுத்துத்தான் தொடக்கம். விருதுப் பட்டியல்களில் இந்த ஆசிரியைகளின் வேலைக்கு ஒரு பத்தியும் இருப்பதில்லை. ஆக்னஸைப் பற்றி இத்தனை பக்கம் எழுதத் தோன்றியது இவர்களை நினைத்துத்தான்.

மறுபடி லண்டனுக்கு. 1914இல் போர் வந்தது. பெண் பிள்ளைகளால் என்ன முடியும் என்று கேட்டவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகளில் பதில் கிடைத்தது. மருத்துவமனைகளில் உதவினார்கள், காயத்துணி மடித்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5, அலுவலகத்துக்குள் ரகசியத் தாள்களைக் கொண்டுசெல்ல முதலில் சாரணச் சிறுவர்களை வைத்திருந்தது. சிறுவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அதனால் கைட் சிறுமிகளை அமர்த்தினார்கள். அவர்கள் வேலை சரியாக இருந்தது. சின்னக் குழந்தைகளுக்காக 1914இல் தொடங்கிய 'ரோஜா மொட்டுகள்' பிரிவும் வளர்ந்தது. அந்தப் பெயர் குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை; மறு ஆண்டே 'பிரவுனி' என்று மாறியது. ஆக்னஸின் பூக்களில் ஒன்று இப்படி உதிர்ந்தது. 1915இல் அமைப்பு சட்டப்படி பதிவு பெற்றது.

இதற்கிடையில் குடும்பத்தில் ஒரு புது ஆள் வந்திருந்தார். ராபர்ட் 1912 ஜனவரியில் 'அர்கேடியன்' என்ற கப்பலில் பயணம் செய்தபோது ஒலேவ் சோம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். இருவருக்கும் பிறந்த நாள் ஒன்றே, பிப்ரவரி 22. பிறந்த ஆண்டுகளுக்கிடையே மட்டும் 32 ஆண்டு இடைவெளி. அந்த அக்டோபரில் திருமணம் நடந்தபோது மணமகனுக்கு 55, மணமகளுக்கு 23. ஒலேவ் துடிப்பானவர், குதிரையேற்றம், டென்னிஸ் என்று வளர்ந்தவர். 1914இல் கைட்ஸ் வேலையில் உதவ முன்வந்தபோது ஆக்னஸைச் சுற்றியிருந்த மூத்த சீமாட்டிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிக இளையவர் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் பிரான்ஸுக்குப் போய்ப் போர்வீரர்களுக்கான ஓய்வுக்கூடத்தில் வேலை செய்தார். திரும்பி வந்து 1916இல் சசெக்ஸ் மாவட்டத்தில் கைட்ஸைக் கட்டினார். அந்த ஆண்டு அக்டோபரில் மாட்லாக் மாநாட்டில் தலைமை ஆணையரானார். 1918இல் 'தலைமைக் கைட்'. அந்த ஆண்டே ராபர்ட் சிறுமிகளுக்கான புதுப் புத்தகம் ஒன்றைத் தாமே எழுதி வெளியிட, ஆக்னஸின் கையேடு வழக்கொழிந்தது. தலைவர் பதவி இளவரசி மேரிக்குப் போயிற்று. ஆக்னஸுக்குக் கிடைத்தது துணைத்தலைவர் என்ற பெயர்.

இதைக் குடும்பச் சண்டையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒலேவ் வேகமாக வேலை செய்தார், ஆட்களைச் சேர்த்தார், நாடு நாடாகப் போனார். அவர் வந்த பிறகு இயக்கம் பலமடங்கு பெருகியது என்பது உண்மை. அந்தப் பெருக்கத்துக்கு ஆக்னஸின் குழு ஈடுகொடுத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலேவ் வந்தபோது எதிர்ப்புப் புயல் ஓய்ந்திருந்தது. கைட் என்றால் மரியாதைக்குரிய சொல் என்று பெற்றோர் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஏச்சும் ஏளனமும் விழுந்த ஏழாண்டுகள் ஆக்னஸின் தலையில் விழுந்தன. விளைந்த வயலில் இறங்கியவருக்கு அரிவாள் திறமை வேண்டும், மறுக்கவில்லை. கரம்பை உடைத்தவரை மறப்பது எந்த ஊர் வழக்கம்?

1921 தொடக்கத்தில் ராபர்ட்டும் ஒலேவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டின் அழைப்பில் இந்தியா வந்து, பல நகரங்கள் சுற்றிச் சென்னையையும் அடைந்தார்கள். அப்போது சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று வேறொரு சாரணர் இயக்கம் வலுவாக இருந்தது. இந்தியர்களை உள்ளே விடாத அமைப்புக்குப் பதிலாக அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் அடையாறில் தொடங்கியது அது. தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டும் நம் நாட்டுப் பாட்டு. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அந்தச் சிறுவர்களைக் கண்டு, இனி இந்தியர்களை ஒதுக்கி வைக்க முடியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. இரு அமைப்புகளும் இணைந்தன. பெசன்ட் அம்மையாருக்கு இந்தியாவுக்கான கௌரவ ஆணையர் பதவி கிடைத்தது. அதே 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாகாணம் இதுவே. அடையாறில் 1917இல் பெண்கள் கூடி அமைத்த இந்திய மாதர் சங்கம் அதற்காக உழைத்திருந்தது. பெண்ணும் குடிமகள் என்ற எண்ணம் இந்த மாகாணத்தில் வேர்விட்ட ஆண்டுகளில் கைட்ஸ் இயக்கமும் இந்தியப் பெண் பிள்ளைகளை நோக்கித் திரும்பியது. 1928இல் ஹங்கேரியில் 26 நாடுகள் கூடிப் பெண் சாரணர்களுக்கான உலகச் சங்கத்தை அமைத்தபோது, நிறுவன உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. நாடு விடுதலை பெற இன்னும் 19 ஆண்டுகள் இருந்தன.

ஆக்னஸ் இதையெல்லாம் லண்டனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதவி போனதற்காக அவர் இயக்கத்தை விட்டு விலகவில்லை. துணைத்தலைவராகவே இருந்து, முகாம்களுக்குப் போனார், சிறுமிகளைச் சந்தித்தார். அண்ணன் 1941 ஜனவரியில் கென்யாவில் இறந்தார். ஆக்னஸ் 1945 ஜூன் 2இல் 86 வயதில் இறந்தபோது ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராபர்ட்டும் ஒலேவும் பிறந்த பிப்ரவரி 22ஐ உலகெங்கும் சாரணியர் சிந்தனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். மதுரைப் பள்ளிகளிலும் அன்று கொடி ஏறுகிறது. டிசம்பர் 16க்கு அப்படி ஒன்று இல்லை. ஒரு சாரணியர் ஆசிரியையாவது இந்த டிசம்பரில் அந்தத் தேதியைக் கரும்பலகையில் எழுதி, தேனீ வளர்த்த, பலூனில் பறந்த இந்தப் பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் எனக்கு மகிழ்ச்சி.

விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7இல் சாரணர் அமைப்புகள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவானது. கைட்ஸ் உடனே சேரவில்லை. 1951 ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தே சேர்ந்தார்கள். ஆண்களோடு ஒரே கூரையின் கீழ் போனால் பெண்களின் அமைப்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த இடைவெளிக்குள் வைத்துப் படிக்க வேண்டும். 1938இல் நடந்த பிளவிலிருந்து தொடங்கி, அந்த இணைப்பின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)